எல்லா ஓட்டோவிலும் பௌமி

செவ்வாய் மாலை ஐந்தே முக்காலுக்கு
கொழும்பின் எல்லா ஓட்டோக்களையும்
பௌமி என்றொருவர் ஓட்டத் தொடங்கினார்.

மருதானையில் ஏறியவருக்கும் பௌமி.
பம்பலப்பிட்டியில் மழைக்கு ஒதுங்கியவருக்கும் பௌமி.
தெமட்டகொடையில் சீற்றைத் துடைத்துக்கொண்டிருந்த
விமலதாசவின் கைபேசி சொன்னது:
வணக்கம் பௌமி, இன்றைய உழைப்பு
நாலாயிரத்து இருநூறு.

உண்மையான பௌமி
கிராண்ட்பாஸில் ஒரு கடை வாசலில்
கொத்துக்குக் காத்து நின்றார்.
ஆறு பத்துக்கு விமலதாச தன் செயலியை
அணைத்துவிட்டு மீண்டும் திறந்தார்.
அந்த நொடியிலிருந்து
ஊர் முழுவதும் விமலதாச.

பிழை என்னுடையது.
கொம்பனித்தெருவில், ஒன்பதாம் மாடியில்,
கீழே பேர வாவி கறுத்துக் கிடக்க
ஏசிக் குளிருக்குச் சால்வை போர்த்தபடி
ஓட்டோ என்ற வகுப்பில்
பெயர் என்ற சொல்லுக்கு முன்னால்
ஸ்டாட்டிக் என்று எழுதியது நான்.
ஏன் போட்டாய் என்றாள் சமோத்யா.
கொம்பைலர் கத்தியது,
வாயை அடைக்கப் போட்டேன் என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.
அவளும் போட்டிருக்கிறாள், வேறெங்கோ.

கட்டணம் வேறு.
கட்டணத்துக்கு ஆள் தேவையில்லை.
தூரத்தைக் கொடுத்தால் தொகையைத் தரும்.
ஓட்டுபவர் யார், ஏறுபவர் யார்,
அதற்குத் தெரியாது; தெரியவும் வேண்டாம்.
ஒரு ஓட்டோகூட இன்னும் வாங்கப்படாத நகரத்திலும்
அந்தக் கணக்கு சரியாக வரும்.
அதை ஸ்டாட்டிக்காகவே விட்டேன்.
என் சிங்களத்தின் உச்சரிப்பைக் கேட்டபின்
விலையை ஏற்றாத வாய் அது,
கை வைக்க மனம் வரவில்லை.

ஆனால் எங்கே நிற்கிறாய் என்று
வகுப்பிடம் கேட்க முடியாது.
வகுப்பு எங்கும் நிற்பதில்லை.
அதற்குப் பஞ்சர் இல்லை,
பெற்றோல் முள் இறங்குவதில்லை,
அதன் கண்ணாடியில் மகளின் படம் ஒட்டியிருக்காது.
அந்தக் கேள்விக்கு ஒரு ஓட்டோ வேண்டும்,
உள்ளே திரும்பிப் பார்த்து
தான் என்று சொல்ல ஒன்று வேண்டும்.

எனக்குப் பதினொரு வயது.
வெள்ளவத்தையில், காலி வீதியில்,
பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள்.
அம்மா அட்டையை நீட்டினா.
எந்த ஊர், ஏன் வந்தது, எத்தனை நாள்.
அம்மாவின் முகத்தைப் பாராமலே
கேட்டு முடிக்கக்கூடிய கேள்விகள்.
அவர் கேட்டது வகுப்பிடம் என்று
இன்றைக்குத்தான் சொல்ல வருகிறது எனக்கு.
அம்மாவிடம் கேட்டிருந்தால்
பிள்ளைக்குக் காய்ச்சல் என்றிருப்பா,
பையில் பாண் நனைகிறது என்றிருப்பா,
செருப்பு வார் அறுந்ததைக்கூடச் சொல்லியிருப்பா,
அம்மாவுக்குப் பேசப் பிடிக்கும்.

ஒரு சொல்லை அழித்தேன்.
நாற்பத்து மூன்று இடங்களில் சிவப்பு எரிந்தது.
ஒவ்வொன்றும் ஒரே கேள்வி:
யாருடைய பெயர்?
யாருடைய பெயர்?
ஒவ்வொன்றாகப் போய்ப் பதில் எழுதினேன்.
சமோத்யா இடையில் பிளேன்ரீ கொண்டுவந்து வைத்தாள்,
சீனி கூட.
பத்தரைக்கு எல்லாம் பச்சை.

வாசலில் தூறல்.
திரையில் வந்த பெயரைப் பார்த்துப் பயந்துபோனேன்.
இன்னும் சரியாகவில்லையோ?
ஓட்டோ வந்து நின்றது.
ஹாண்டிலில் ஒரு கொத்துப் பொதி
எண்ணெய் ஊறித் தொங்கியது.

"பௌமியா?"

"ஓ மிஸ், நான்தான்,"
என்றார் அவர், கொஞ்சம் அலுப்போடு,
இன்றைக்கு இதை நிறையப் பேருக்குச்
சொல்லிவிட்டவர் போல.